கூர்ப்பும் பரம்பரையும்: பிள்ளைகள் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடிப் பக்கம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். மண்டூர்ப் பக்கத்திலிருந்து பாதையில் (மிதவைப் படகில்) ஏறி வாவியைக் கடந்து வருகிற பிள்ளைகளும் உண்டு, பெரிய வீதியோரத்து ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. கூர்ப்புப் பாடம் (பரிணாமம்) தொடங்கினால் எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். புதிதாகப் படிப்பிக்க வருகிறவர்களுக்கும், வீட்டில் பிள்ளை கேட்டுப் பதில் தெரியாமல் நிற்கிற பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். பிள்ளை தானே போய்ப் பார்க்கக்கூடிய இடத்திலிருந்து பதிலைத் தொடங்குங்கள் என்பதே நான் சொல்ல வருவது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த இடம் வயல்.

முதலில் வருவது எப்போதும் குரங்குதான். "குரங்கிலயிருந்து மனிசன் வந்தால் இன்னும் ஏன் மிஸ் குரங்கு இருக்கு?" வளவுக்குள் புகுந்து மாங்காய் பிடுங்குகிற குரங்கு நமக்குப் பூட்டன் முறை இல்லை, தூரத்து மச்சான் முறை என்று சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் பொதுவான மூதாதை ஒன்று இருந்தது. அந்தக் குரங்கின் வழியும் நம் வழியும் பிரிந்து இரண்டரை முதல் மூன்று கோடி வருடங்கள் இருக்கும். சிம்பன்சியோடு பிரிந்தது மிகவும் பிந்தி, சுமார் 60 முதல் 70 இலட்சம் வருடங்களுக்கு முன்.

ஆதாரம் கேட்கிற பிள்ளைக்கு நிறமூர்த்தக் (குரோமோசோம்) கணக்கைக் காட்டுங்கள். சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் 48, நமக்கு 46. மிச்சம் இரண்டும் எங்கே? இரண்டு நிறமூர்த்தங்கள் முனையோடு முனை ஒட்டித்தான் நம்முடைய 2ஆம் நிறமூர்த்தம் உண்டாகியிருக்கிறது. முனைகளில் மட்டும் இருக்கவேண்டிய டிஎன்ஏ வரிசை அதன் நடுவில் கிடக்கிறது. இதைப் பலகையில் வரைந்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள். பிள்ளைகள் தாங்களே அடுத்த கேள்வியைக் கேட்பார்கள்.

"கூர்ப்பு நடந்ததை யாராவது கண்ணால் பார்த்தார்களா?" என்ற கேள்வி வந்தால் நான் சந்தோஷப்படுவேன். நெல்லின் சாற்றை உறிஞ்சுகிற அறக்கொட்டியான் பூச்சியைத் தெரியாத விவசாயி வீட்டுப் பிள்ளை இந்த மாவட்டத்தில் இருக்காது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இந்தப் பூச்சியை எதிர்க்கிற ஐஆர் 26 என்ற நெல்லை 1973இல் வெளியிட்டது. சில போகங்களிலேயே அந்த நெல்லையும் உறிஞ்சிக் குடிக்கிற பூச்சிக் கூட்டம் பெருகிவிட்டது. 1976இல் வேறொரு எதிர்ப்புப் பரம்பரையலகோடு (ஜீன்) ஐஆர் 36ஐக் கொண்டுவர வேண்டியதாயிற்று. எதிர்ப்புக்குப் பேர்போன இன்னொரு நெல் நம் நாட்டுப் பாரம்பரிய ரத்து ஹீனெட்டி. உலகம் முழுக்க நெல் ஆராய்ச்சியாளர்கள் அதைத் தேடி எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்கவேண்டும்.

இந்த இடத்தில் ஒரு பிழையான எண்ணத்தைப் பிடித்துத் திருத்துங்கள். "பூச்சி மருந்துக்குப் பழகிட்டு" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், அப்பாமாரும் அப்படித்தான். எந்த ஒரு பூச்சியும் பழகுவதில்லை. ஆயிரக்கணக்கான பூச்சிகளில் ஒன்றிரண்டுக்கு, தற்செயலாக வந்த ஒரு விகாரத்தால் (பரம்பரையலகில் வந்த மாற்றத்தால்), அந்த நஞ்சு வேலை செய்யாது. மருந்தடித்ததும் மற்றவை செத்துவிடும், அவை மட்டும் மிஞ்சிக் குஞ்சு பொரிக்கும். அடுத்த தலைமுறையில் அந்த இயல்புள்ளவை கூடிவிடும். மாறியது கூட்டம், தனிப்பூச்சி இல்லை. இயற்கைத் தேர்வை இதைவிடத் தெளிவாக விளக்க எனக்கு வேறு வழி தெரியாது. வீட்டு வேலையாக, பத்து வருடங்களுக்கு முன் என்ன மருந்து அடித்தார்கள், இப்போது என்ன அடிக்கிறார்கள் என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள்.

அப்புறம் கோழிச்சூடன். பூக்கும் வரைக்கும் நெல் போலவே நிற்கிற களை. இலை தண்டோடு சேரும் இடத்தை விரித்துப் பார்த்தால் நெல்லுக்கு மெல்லிய வெண்சவ்வு இருக்கும், கோழிச்சூடனுக்கு இருக்காது. சில கோழிச்சூடன் வகைகள் இவ்வளவு ஒத்துப்போனதற்குக் காரணம் கைதான். களை பிடுங்குகிறவர்கள் வித்தியாசமாகத் தெரிந்ததைப் பிடுங்கினார்கள், நெல் மாதிரி நின்றது தப்பி விதை போட்டது. தேர்ந்தெடுக்கிறோம் என்று தெரியாமலே தலைமுறை தலைமுறையாக மனிதர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதிக் கோழிச்சூடனின் டிஎன்ஏயை ஆராய்ந்தபோது, இந்த மாற்றம் அங்கே சுமார் 1,000 வருடங்களுக்கு முன் நடந்ததாகத் தெரியவந்தது. இரண்டு செடிகளையும் வேரோடு வகுப்புக்குக் கொண்டுவரச் செய்யுங்கள்.

"இது வெறும் கொள்கைதானே" என்பதற்கு நீளமாகப் பேச வேண்டாம். கிருமியால் நோய் வருகிறது என்பதும் கொள்கைதான், அதை ஏற்றுத்தான் சத்திரசிகிச்சைக்கு முன் வைத்தியர் கை கழுவுகிறார்.

கடவுள் பற்றிக் கேட்டால் வாதாடாதீர்கள். கோயிலுக்குப் போகிற பிள்ளையும் தேவாலயத்துக்குப் போகிற பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். அளந்து, எண்ணி, சோதித்துப் பார்க்கக்கூடியதை இந்தப் பாடத்தில் படிக்கிறோம், உன் நம்பிக்கையை நான் கேட்கவில்லை என்று சொல்வேன். ஆனால் பாடத்தைக் குறைத்துச் சொல்லமாட்டேன்.

பரம்பரைக் கேள்விகளுக்குப் பின்னால் பெரும்பாலும் வீடு இருக்கும். பெண் பிள்ளையே பிறக்கிறது என்று தாயைக் குறை சொல்கிற வீடு இன்னும் உண்டு. தாயின் முட்டையில் எப்போதும் எக்ஸ் நிறமூர்த்தம்தான், எக்ஸா (பெண்) வையா (ஆண்) என்று தீர்மானிப்பது தகப்பனின் விந்து. இதை உரத்த குரலில், ஆண் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.

மச்சான் மச்சாள் கலியாணம் கவனமாகப் பேசவேண்டிய விஷயம். மட்டக்களப்பில் குடி, அதாவது குலம், தாய்வழியாக வருகிறது. இழைமணி (கலத்துக்குச் சக்தி தரும் மைட்டோகொண்ட்ரியா) டிஎன்ஏயும் அதே வழியில்தான் வருகிறது, ஆகையால் அந்தப் பாடம் எங்கள் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். ஒரே குடிக்குள் கட்டக்கூடாது, மாமாவின் மகள் வேறு குடி, அதனால் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உயிரியலுக்கு அந்த வித்தியாசம் இல்லை. பெரியம்மா மகளோ மாமா மகளோ, நம்மோடு சராசரியாக எட்டில் ஒரு பங்கு பரம்பரையலகுகளைப் பகிர்கிறார்கள். பிறவிக் குறைபாடு பொதுவாக நூற்றுக்கு 2, 3 குழந்தைகளுக்கு வரும், இப்படிச் சொந்தத்தில் கட்டினால் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அப்போதும் பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள். இரண்டு பாதியையும் சொல்லுங்கள். வகுப்பில் பலரின் தாய் தகப்பன் மச்சான் மச்சாள்தான்.

தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயில் ஒரு கணக்கை எல்லாரும் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். தாயும் தகப்பனும் காவிகளாக (நோயில்லாமல் அதன் பரம்பரையலகை மட்டும் சுமப்பவர்களாக) இருந்தால் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. "முதல் பிள்ளைக்கு வந்திட்டு, இனி மூன்று பிள்ளைக்கும் வராது" என்று நம்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒன்று புதிதாகத் தொடங்கும். இரண்டு நாணயங்களைக் கொடுத்து நூறு தடவை சுண்டச் சொல்லுங்கள், இரண்டு தலையும் சேர்ந்து அடுத்தடுத்து விழுவதைக் கண்டபிறகு மறக்கமாட்டார்கள். காவிக்கு நோய் தெரியாது. முதலில் சாதாரண இரத்தப் பரிசோதனை, சிவப்பணு சிறியதாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவா தலசீமியாவா என்று மேலும் பார்ப்பார்கள். கலியாணத்துக்கு முன் இதைச் செய்வது நல்லது என்று பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் நேரடியாகவே சொல்கிறேன்.

கடைசியாக, ஆசிரியர்களுக்கு மட்டும். வீட்டார் இரத்த வகையை எழுதிவரச் சொல்லிப் பயிற்சி கொடுக்கவே வேண்டாம். ஓ வகைத் தகப்பனுக்கு ஏபி வகைப் பிள்ளை என்று ஒரு தாளில் வந்துவிட்டால் அந்த வீடு என்னாகும்? நாக்கைச் சுருட்டுவதும் அப்படித்தான். ஒரே முட்டையிலிருந்து பிறந்த இரட்டையரிலேயே ஒருவருக்கு முடியும், மற்றவருக்கு முடியாது. அதை ஒற்றைப் பரம்பரையலகின் வேலையாகச் சொல்லிக்கொடுப்பது பிழை. கணக்குக்கு மெண்டலின் பட்டாணியே போதும்: 7,324 விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று வரும். யார் வீட்டுக் கதையும் வெளியே வராது.