ரோமானிய மார்பிள் அஸ்தி கலசம்: நிறைய பேர் பண்ற தப்புங்க

ரோம்ல பெரிய மியூசியம் எதுக்குள்ள போனாலும் சின்ன சின்ன மார்பிள் பெட்டிங்க இருக்கும், மூலைக்கு ஒரு ஆட்டுத்தலை, நடுவுல தொங்குற பூமாலை, கீழ ரெண்டு பறவைன்னு. அலங்காரப் பெட்டி போலன்னு நினைச்சு அடுத்த சிலைக்குப் போயிடாதீங்க ப்ளீஸ், அது ஒவ்வொண்ணும் ஒரு ஆளோட அஸ்தி கலசம்.

இவ்வளவு வேலைப்பாடு இருக்கே, பிரபுக்கள் வீட்டோடதா இருக்கும்னு முடிவு பண்றதுதான் பெரிய தப்பு. அடிமையா இருந்து விடுதலை ஆனவங்க, அவங்க பிள்ளைங்க, இவங்க பேருதான் நிறைய கலசத்துல இருக்கு. ரோம்ல ஆப்பியாங்கிற பழைய சாலை பக்கம் விக்னா கோடினின்னு ஒரு இடத்துல நிலத்தடி அறைங்க இருக்கு, சுவர் பூரா புறாக்கூடு மாதிரி மாடம், பல பேருக்கு வெறும் மண்பானைதான், கொஞ்சம் காசு சேத்தவங்க மார்பிள் வாங்கி வச்சாங்க. ஒரு காலத்துல அடுத்தவன் சொத்தா இருந்தவங்க கடைசியில தன் பேரைக் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க, அதைப் படிக்காம நகர்றது நியாயமே இல்ல.

படிக்கும்போது மேல இருக்கிற டி.எம்.மை இனிஷியல்னு எடுத்துக்காதீங்க. அது இறந்தவங்க ஆவிக்கு சமர்ப்பணம்ங்கிற வழக்கமான சுருக்கம், பேரு அதுக்கப்புறம்தான் வரும்.

இன்னொண்ணு, கழுகு இருந்தா வீரர், பாம்பையே தலைமுடியா வச்ச மெடூசா தலை இருந்தா இன்னதுன்னு ஒவ்வொரு செதுக்கலுக்கும் செத்தவர் வாழ்க்கையில அர்த்தம் தேடறது. பட்டறையில ரெடிமேடா செஞ்சு வச்சதை வாங்கி பேரை மட்டும் வெட்டிக்கிட்ட கலசங்க எக்கச்சக்கம், எழுத்துப் பலகை காலியாவே நிக்கிற கலசங்களும் இருக்கு. டிசைன் சொல்றது அந்தக் கால ரசனையை, அந்த ஆளைப் பத்தி எழுத்துதான் சொல்லும்.

உள்ள நைஸான சாம்பல் இருந்திருக்கும்னும் நினைக்காதீங்க, சிதையில மிஞ்சின எலும்புத் துண்டைப் பொறுக்கித்தான் போட்டாங்க. சக்கரவர்த்தி காலிகுலாவோட அம்மா அக்ரிப்பினா கல்லுலயே எலும்புகள்னுதான் வெட்டியிருக்கு (அந்தக் கல்லை இடைக்காலத்துல தானியம் அளக்க வச்சிருந்தாங்க, பாவம்).

தேதி விஷயத்துல, இந்த மார்பிள் கலசங்க பெரும்பாலும் கிபி 1ஆம் நூற்றாண்டுல இருந்து 2ஆம் நூற்றாண்டு நடு வரைக்கும். அப்புறம் எரிக்கிறது குறைஞ்சு, உடம்பை முழுசா வைக்கிற பெரிய கல் சவப்பெட்டிக்கு மாறிட்டாங்க.

கடைசியா, பாக்கிறதெல்லாம் அசல்னு நம்பாதீங்க. 18ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல இருந்து வந்த பணக்கார டூரிஸ்ட்டுங்களுக்கு விக்கறதுக்காக உடைஞ்சதை ஒட்டி, வேற கலசத்து மூடியைப் போட்டு, காலிப் பலகையில புதுசா எழுத்து வெட்டினது கூட நடந்திருக்கு. அதனால மூடியும் பெட்டியும் ஒரே கல்லு நிறமா, எழுத்து மட்டும் தேயாம கூர்மையா நிக்குதான்னு முதல்ல பாருங்க.