பழைய ஜீப்பின் ஹெட் வேலையை வீட்டிலேயே செய்வது எப்படி?

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் ஹெட்டை, அதாவது இன்ஜின் பிளாக்கின் மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட்டை, கழற்ற ஒரு நாள் போதும், திரும்ப மாட்ட இன்னொரு நாள். இந்த இரண்டு நாளுக்கும் நடுவே துடைப்பது, அளப்பது, காத்திருப்பது என்று ஒரு வாரம் இருக்கிறதே, அதுதான் உண்மையான வேலை. முதல் முறை செய்தபோது அந்த நடுப்பகுதியை நான் தாண்டிப் போய்விட்டேன். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடான கேஸ்கட்டைப் புதிதாகப் போட்டு மூடினேன். மூன்றே வாரத்தில் ரேடியேட்டரில் பழையபடி குமிழ் வந்தது. ஹெட் வளைந்திருந்தது, நான் அளந்தே பார்க்கவில்லை. அதனால் இந்த விளக்கத்தில் அந்த நடுப்பகுதிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

நான்கு சிலிண்டர், பிளாக்குக்குள் கேம் ஷாஃப்ட், மேலே வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர், இரண்டுக்கும் நடுவில் புஷ் ராட் என்று இருக்கும் பழைய இன்ஜினை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன். லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளின் 2286 சிசி பெட்ரோல் இன்ஜின் நல்ல உதாரணம். எல்லாப் பழைய வண்டியும் இப்படி இருக்காது. வில்லிஸ் ஜீப்பின் ஆரம்பகால இன்ஜினில் எட்டு வால்வும் பிளாக்கில்தான் இருக்கும், ஹெட் வெறும் மூடிதான். அதற்குப் பின் வந்த எஃப் ஹெட் இன்ஜினில் இன்டேக் வால்வு ஹெட்டிலும் எக்சாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கும். எனவே உங்கள் இன்ஜினுக்கான சர்வீஸ் மேனுவல் கைக்கு வரும்வரை ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதீர்கள்.

முதலில், திறக்கத்தான் வேண்டுமா?

ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருப்பதைப் பார்த்ததும் பலர் ஹெட்டை இறக்கிவிடுகிறார்கள். குளிர் நாட்களில் வண்டியைக் குறைந்த தூரமே ஓட்டினாலும் அப்படிப் படியும். அதை மட்டும் நம்பக் கூடாது. கூலண்ட் குறைகிறதா, சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா, இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டரில் விடாமல் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் மூடியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே திறந்து வைத்துவிட்டு, அப்புறம் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். சூடான பிறகு திறந்தால் முகம் வெந்துவிடும்.

அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று கேஜ் வைத்து அளப்பது. பெட்ரோல் இன்ஜினில் எல்லா ஸ்பார்க் பிளக்கையும் எடுத்துவிட்டு, இக்னிஷன் காயில் இணைப்பைக் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஐந்தாறு அடி விழும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அருகருகே உள்ள இரண்டு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் விழுந்திருந்தால், அவற்றின் நடுவே கேஸ்கட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றில் மட்டும் குறைந்தால், அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் தேய்ந்தது பிஸ்டன் ரிங், ஹெட் வேலை அதைத் தீர்க்காது. ஏறாவிட்டால் வால்வையோ கேஸ்கட்டையோ சந்தேகிக்கலாம். டீசலுக்கு அழுத்தம் பல மடங்கு அதிகம், அதற்கென்று இருக்கும் கேஜ்தான் வேண்டும். ஆயில் விடும் சோதனையையும் டீசலில் செய்யாதீர்கள்.

கழற்றும்போது

இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். முந்தின நாள் இரவே நிறுத்திவிடுவது நல்லது. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். கூலண்டை ரேடியேட்டரிலிருந்து மட்டும் இறக்கினால் போதாது, பிளாக்கில் உள்ள வடிகால் குழாயையும் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹெட்டைத் தூக்கும் நொடியில் மிச்சத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். இறக்கிய கூலண்டை உடனே மூடி வையுங்கள். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனம் இனிக்கும், நாயோ பூனையோ நக்கினால் உயிரே போய்விடும்.

ஒவ்வொரு குழாயையும் வயரையும் கழற்றும் முன் போட்டோ எடுத்து, சீட்டு ஒட்டுங்கள். மேனிஃபோல்டு ஸ்டட்கள் துருப்பிடித்திருக்கும், முந்தின நாளே துரு இளக்கும் ஆயிலை அடித்து ஊறவிடுங்கள். ராக்கர் ஷாஃப்ட்டின் போல்ட்களை எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக, சமமாகத் தளர்த்த வேண்டும். கீழே வால்வு ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் விட்டால் ஷாஃப்ட் வளையும். ஓர் அட்டையில் எட்டு ஓட்டை போட்டு எண் எழுதி, புஷ் ராடுகளை எடுத்த வரிசையிலேயே செருகி வையுங்கள். இத்தனை வருடம் ஒன்றோடொன்று உரசிப் பழகிய ஜோடிகள் அவை, மாற்றிப் போட்டால் தேய்மானம் கூடும்.

ஹெட் போல்ட்களை இறுக்கும் வரிசைக்கு நேர்மாறாகத் தளர்த்துங்கள். அதாவது ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஒவ்வொரு சுற்றிலும் கால் திருகு. ஹெட் ஒட்டிக்கொண்டு வரவில்லையா? நடுவே ஸ்க்ரூடிரைவரைச் சொருகாதீர்கள், ஒரு கீறலே புது கேஸ்கட்டைக் கெடுத்துவிடும். மரக்கட்டை வைத்துப் பக்கவாட்டில் தட்டுங்கள். வார்ப்பிரும்பு ஹெட் கனமானது, தூக்க இரண்டு பேர் வேண்டும்.

தண்ணீர் நேரடியாகத் தொடும் ஈர லைனர், அதாவது தனியாகக் கழற்றக்கூடிய சிலிண்டர் உறை, உள்ள இன்ஜினா? அப்படியானால் ஹெட் இல்லாதபோது கிராங்கை, அதாவது பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டை, சுற்றக் கூடாது. லைனர் மேலே எழும்பினால் அடி சீல் விட்டுவிடும். வாஷரும் போல்ட்டும் போட்டு லைனர்களை அழுத்திப் பிடித்து வையுங்கள்.

பழைய கேஸ்கட்டைத் தூக்கிப் போடும் முன்

அதை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஏன் போனது என்று அதுவே காட்டும். இரண்டு சிலிண்டர் ஓட்டைகளுக்கு நடுவே கருகிய கோடு இருந்தால், வாயு அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. ஓட்டையிலிருந்து தண்ணீர் வழி வரை துருக்கறை போனால், கூலண்ட் கசிந்த பாதை அது. அப்புறம் பிஸ்டன்களைப் பாருங்கள். மூன்று கரி படிந்து கறுப்பாக, ஒன்று மட்டும் கழுவிவிட்டது போல் பளிச்சென்று இருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போய் ஆவியாகிக் கரியைப் பெயர்த்திருக்கிறது.

கேஸ்கட் பெரும்பாலும் தானாகப் போவதில்லை. அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த தண்ணீர் பம்ப், தளர்ந்த ஃபேன் பெல்ட் என்று ஏதோ ஒன்று இன்ஜினைச் சூடாக்கியிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் மூடினால் புது கேஸ்கட்டுக்கும் அதே கதிதான்.

அளப்பது

ஹெட்டின் முகத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்யுங்கள். டிரில்லில் மாட்டும் உரசும் டிஸ்க் வேண்டவே வேண்டாம். அது உதிர்க்கும் பொடி ஆயிலோடு போய் பேரிங்கைத் தின்றுவிடும். அப்புறம் இயந்திரத்தில் தேய்த்து நேராக்கிய எஃகுப் பட்டையை வைத்து, ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை அடியில் நுழைத்துப் பாருங்கள். நீளவாக்கில் இரு ஓரம், குறுக்கே, இரண்டு மூலைவிட்டம் என்று எல்லாத் திசையிலும். பொதுவாக 0.05 மி.மீ தகடு எங்கும் நுழையாவிட்டால் நிம்மதி, 0.1 மி.மீ நுழைந்தால் பல ஹெட்களுக்குக் கவலை. உங்கள் இன்ஜினின் வரம்பு மேனுவலில் இருக்கும். பிளாக்கின் முகத்தையும் இதே போல் அளந்து பாருங்கள், பலர் மறப்பது இதைத்தான்.

வரம்பைத் தாண்டினால் லேத் பட்டறையில் ஃபேசிங் செய்ய வேண்டும், அதாவது முகத்தைச் சீவிச் சமமாக்க வேண்டும். சில டீசல் ஹெட்களைச் சீவவே கூடாது என்று மேனுவல் சொல்லும், கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே கொடுக்கும்போதே விரிசலுக்கான பிரஷர் டெஸ்ட்டையும் செய்யச் சொல்லுங்கள். சூடேறிய ஹெட்டில் வால்வு வந்து உட்காரும் வளையங்களான இரண்டு வால்வு சீட்டுக்கு நடுவேதான் முதலில் விரியும், கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். இந்தச் செலவைத் தவிர்க்க நினைக்காதீர்கள்.

வால்வு கிரைண்டிங்

ஸ்பிரிங் கம்ப்ரஸரால் ஸ்பிரிங்கை அமுக்கி, வால்வு லாக்குகளை எடுக்க வேண்டும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், அவை தெறிக்கும். வால்வைச் சற்றே வெளியே இழுத்துப் பக்கவாட்டில் ஆட்டினால் கையிலேயே ஆட்டம் தெரிகிறதா? வால்வுத் தண்டு ஓடும் குழலான கைடு தேய்ந்திருக்கலாம், அதை மாற்றுவது பட்டறை வேலை. ஓரம் எரிந்த, வளைந்த, கத்தி முனைபோல் மெலிந்த வால்வுகளை மாற்றிவிடுங்கள்.

நல்ல வால்வின் சாய்முகத்தில் கிரைண்டிங் பேஸ்ட்டைப் புள்ளி புள்ளியாக வைத்து, உறிஞ்சு கப் உள்ள கோலை வால்வின் தலையில் ஒட்டி, இரு உள்ளங்கைக்கு நடுவே கடைவது போல் முன்னும் பின்னும் உருட்டுங்கள். சில உருட்டலுக்கு ஒருமுறை தூக்கி, கொஞ்சம் திருப்பி வைத்து மறுபடி உருட்ட வேண்டும். முதலில் கரடான பேஸ்ட், பிறகு நைஸ். வால்விலும் சீட்டிலும் அறுபடாத சாம்பல் நிற வளையம் வந்தால் போதும், அதற்கு மேல் தேய்ப்பது நஷ்டம். பேஸ்ட் ஒரு துளிகூட மிஞ்சாமல் கழுவுங்கள். வால்வையும் ஸ்பிரிங்கையும் பூட்டியபின், வால்வுக்குப் போகும் வாயு வழியான போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நிமிடம் வையுங்கள். வால்வு ஓரம் ஈரமானால் மறுபடி உருட்ட வேண்டியதுதான். கடைசியாகப் பூட்டும்போது வால்வுத் தண்டின் ஆயில் சீல்களைப் புதிதாகப் போடுங்கள்.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு ஒன்று: பழைய இன்ஜின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. அந்த ஈயம் எக்சாஸ்ட் சீட்டைக் காத்தது, இன்றைய பெட்ரோலில் அது இல்லை. ஹெட் பட்டறையில் இருக்கும்போதே கடின உலோகச் சீட் போட்டுக்கொள்வது நல்லது.

மூடுவது

போல்ட் ஓட்டைகளைத் துடைத்துக் காய வையுங்கள். அடியில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது வெளியேற வழியில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும். போல்ட்டை எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்ற டார்க் அளவும் பொய்யாகக் காட்டும். நீண்டு கொடுக்கும் வகை போல்ட்டாக இருந்தால் புதிது வாங்கித்தான் ஆக வேண்டும். டீசலில் பிஸ்டன் எவ்வளவு மேலே எழும்புகிறது என்பதைப் பொறுத்து கேஸ்கட்டின் தடிமன் மாறலாம். மேனுவல் சொன்னால் ஒழிய கேஸ்கட்டில் எந்தப் பசையும் தடவாதீர்கள்.

போல்ட்களை நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக இறுக்குங்கள். இறுதி அளவு 90 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொண்டால் முதலில் எல்லாம் 30, அப்புறம் எல்லாம் 60, கடைசியில் 90.

பிறகு டேப்பட் இடைவெளி, அதாவது ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. எட்டு வால்வுகளும் நடுவிலிருந்து இருபுறமும் கண்ணாடிப் பிம்பம் போல் அமைந்த இன்ஜினுக்கு ஒன்பது கணக்கு இருக்கிறது. 8ஆம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 1ஐச் சரிசெய்யுங்கள், 6 திறந்திருந்தால் 3, 5 திறந்திருந்தால் 4. கூட்டினால் எப்போதும் 9. மேலே சொன்ன 2286 சிசி இன்ஜினுக்கு எட்டிலும் 0.25 மி.மீ. ஃபீலர் கேஜ் தகடு லேசாக உரசிக்கொண்டு நகர வேண்டும்.

முதல் ஸ்டார்ட்

புது ஆயில், புது ஃபில்டர். பழையதில் கூலண்ட் கலந்திருக்கலாம். ராக்கர்கள் மேல் கொஞ்சம் ஆயிலை ஊற்றிவிட்டு, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சுற்றி ஆயில் விளக்கு அணையும்வரை பாருங்கள். கூலண்ட் நிரப்பிக் காற்றை வெளியேற்றி, பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கசிவு இருக்கிறதா, சூட்டு முள் எங்கே நிற்கிறது என்று பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். நன்றாக ஆறிய பிறகு கூலண்ட் அளவை மறுபடி பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும். பழைய வகை கேஸ்கட்டுக்குச் சிறிது தூரம் ஓடியபின் ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்கச் சொல்லி மேனுவலில் இருந்தால், அன்றைக்கே டேப்பட்டையும் மறுபடி அளந்துவிடுங்கள். போல்ட் இறங்கும்போது அந்த இடைவெளியும் மாறும்.