ஒரு சீப்பு வாழைப்பழத்தை ஒரு வாரம் வைத்துச் சாப்பிட

தாரிலிருந்து சீப்பாக வெட்டி எடுத்த பிறகும் வாழைக்காய்க்கு உயிர் இருக்கிறது. மூச்சு விடுகிறது, கூடவே எத்திலீன் என்ற வாயுவையும் விடுகிறது. பழுக்கத் தூண்டுவது இந்த வாயுதான். ஒரு காய் விட்ட எத்திலீன் பக்கத்துக் காயைத் தூண்டும், அது இன்னும் அதிகமாக விடும். ஒன்று மஞ்சளாகத் தொடங்கினால் மொத்தச் சீப்பும் மளமளவென்று மாறுவது இதனால். மா, பப்பாளி, சப்போட்டா, ஆப்பிள், தக்காளி எல்லாம் இதே இனம். திராட்சையும் எலுமிச்சையும் வேறு மாதிரி, பறித்ததோடு சரி.

காயின் சதையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. நன்றாகப் பழுத்தபின் அதில் மிஞ்சுவது 1 அல்லது 2 சதவீதம்தான், மீதி சர்க்கரையாகிவிடும். இந்த மாற்றம் தொடங்கிவிட்டால் வீட்டில் அதை நிறுத்த வழியில்லை, தாமதப்படுத்தலாம். அவசரப்படுத்துபவை மூன்று: தேங்கிய வாயு, சூடு, அடிபட்ட காயம்.

பாதி வேலை கடையிலேயே முடிந்துவிட வேண்டும். ஒரே நிறத்தில் 12 பழம் வாங்கினால் 12-ம் ஒரே நாளில் கனியும், எந்த உபாயமும் உதவாது. இன்றைக்கும் நாளைக்கும் மஞ்சளாக நாலு, அடுத்த நாட்களுக்குச் செங்காயாக நாலு, வாரக் கடைசிக்குப் பச்சையாக நாலு என்று கேட்டு வாங்குங்கள். ரகத்தையும் பாருங்கள். ரஸ்தாளி கனிந்தால் சீப்பிலிருந்து கழன்று உதிரும், காம்புப் பக்கம் தோல் கிழிந்து அங்கிருந்தே கெடும். இரண்டு நாளுக்கு மேல் அதை நம்ப வேண்டாம். பூவன் சீப்பை அவ்வளவு எளிதில் விடாது. நேந்திரம் தோல் கறுத்த பிறகும் உள்ளே கெட்டியாக இருக்கும், அப்போதுதான் ருசியே.

காம்பு பச்சையாக இருந்தால் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்தது என்று சொல்வார்கள். அதை வைத்து முடிவு கட்ட முடியாது. அனுமதிக்கப்பட்ட எத்திலீன் அறையில் பழுக்க வைத்த பழமும் காம்பும் நுனியும் பச்சையாகத்தான் கடைக்கு வரும். கார்பைடு வைப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டது என்பது தனி விஷயம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, பையிலிருந்து வெளியே எடுப்பது. முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பைக்குள் வாயுவும் ஈரமும் சேர்ந்து தேங்கும், ஒரே இரவில் காம்பில் பூஞ்சை பிடிக்கும். பழத்தை ஒருமுறை தண்ணீரில் அலசித் துணியால் ஒற்றி, ஈரம் போக உலர்த்துங்கள். தோலில் ஒட்டிய பூஞ்சை வித்தும் பாலும் போகும். ஈரத்தோடு வைப்பதற்கு அலசாமலே விட்டுவிடலாம்.

பிறகு கத்தியால் சீப்பை இரண்டு மூன்று பழங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டிலும் கொண்டையின், அதாவது காம்புகள் ஒன்றுசேரும் அடிப்பகுதியின், சதை கொஞ்சம் ஒட்டியிருக்கட்டும். கையால் பிய்த்தால் தோல் கிழியும், கிழிந்த இடத்தில் எத்திலீன் கூடும், அழுகலும் அங்கேதான் ஆரம்பிக்கும். பிரித்ததைக் காற்றோட்டமான நிழலில் கயிற்றில் தொங்கவிடுங்கள். மேடையில் கிடத்தினால் பழத்தின் எடை அழுத்தும் இடம் கன்றிப்போகும். அடுப்புக்குப் பக்கத்திலும் ஃபிரிட்ஜின் மேலேயும் வேண்டாம், இரண்டும் சூடு. மாம்பழம், ஆப்பிள் உள்ள கூடையிலும் வேண்டாம். கீரையும் வெள்ளரியும் வாழைப்பழத்தின் பக்கத்தில் இருந்தால் அவைதான் முதலில் மஞ்சளாகும்.

கொண்டையைப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கச் சுற்றும் யோசனை எல்லா இடத்திலும் சுற்றி வருகிறது. பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். எத்திலீன் காம்பிலிருந்து மட்டும் வருவதில்லை, சதையிலும் தோலிலும் உண்டாகிறது.

சித்திரை வெயிலில் இன்னொரு கோளாறு வரும். பச்சை வாழைப்பழம் என்று விற்கும் ரகம் 24 டிகிரிக்கு மேல் பழுத்தால் தோலின் பச்சை முழுதாகப் போகாது, உள்ளே மட்டும் குழையும். நிறத்தைப் பார்த்துக் காத்திருந்தால் ஏமாறுவோம். அந்த ரகத்தை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்துச் சாப்பிட வேண்டும்.

ஃபிரிட்ஜ் விஷயத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். சுமார் 13 டிகிரிக்குக் கீழே வாழைக்காயின் செல்கள் சேதமாகும். பச்சையாக உள்ளே வைத்தால் தோல் சாம்பல் நிறமாகும், வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. முழுதாகப் பழுத்த பிறகு வைத்தால் நல்லது. தோல் ஒரே இரவில் கறுக்கும், ஆனால் சதை மூன்று நான்கு நாள் அப்படியே நிற்கும். கறுப்பைப் பார்த்துத் தூக்கி எறிய வேண்டாம், உரித்துப் பாருங்கள்.

அதற்கும் மேல் வைக்க வேண்டுமா? உரித்து, விரற்கடைத் தடிமனில் வட்டமாக நறுக்கித் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, ஃப்ரீசரில் இரண்டு மூன்று மணி நேரம் உறைய விடுங்கள். பிறகு காற்றில்லாத டப்பாவில் போட்டால் இரண்டு மாதம் வரும். பணியாரத்துக்கும் மில்க் ஷேக்குக்கும் சரி; உருகினால் கொழகொழவென்றாகும், வெறுமனே தின்ன ஏற்காது. தோலோடு உறைய வைத்தால் பிறகு உரிக்க முடியாமல் திண்டாடுவீர்கள். நறுக்கிய பழத்தை மேசையில் வைப்பதானால் சில துளி எலுமிச்சைச் சாறு பிசறுங்கள், புளிப்பு பழுப்பேறுவதைத் தாமதப்படுத்தும்.

காயைச் சீக்கிரம் பழுக்க வைக்க வேண்டும் என்றால் இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். அரிசிப் பானைக்குள் புதைப்பது வாயுவை அடைத்து வைக்கத்தான். காகிதப் பையில் ஒரு பழுத்த பழத்தோடு போட்டு மடித்து வைத்தாலும் அதே வேலை நடக்கும். தினமும் திறந்து பாருங்கள், நிறம் மாறத் தொடங்கியதும் வெளியே எடுத்துத் தொங்கவிடுங்கள்.

தோலில் சிறு கறும்புள்ளி வந்தால் நன்றாக இனித்திருக்கிறது என்று அர்த்தம். நுனியில் சாறு கசிந்தாலோ, கள் வாடை அடித்தாலோ, கொண்டையில் வெள்ளையாகப் பஞ்சு படர்ந்து சதைக்குள் இறங்கியிருந்தாலோ எருக்குழியில் போட்டுவிடுங்கள்.