ரெவிட்டுக்கு மாறும் அலுவலகத்துக்கு ஒரு குறிப்பு

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் சின்னக் கட்டடக்கலை அலுவலகம் நடத்துபவர்கள் கோடு கோடாக வரையும் ஓட்டோகாட் மென்பொருளை விட்டு, கட்டடத்தை முப்பரிமாண மாதிரியாக அமைக்கும் ரெவிட் மென்பொருளுக்கு மாற யோசித்தால், பாதியில் நிற்கும் வேலையில் கைவைக்காதீர்கள். அது பழைய வழியிலேயே முடியட்டும். புதிதாக வரும், மாடி இல்லாத வீடு ஒன்றை எடுத்துப் பழகுங்கள்.

முக்கியமானது பணம். முப்பரிமாண மாதிரியில் சுவர், கூரை, தளமட்டம் எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே முடிவு செய்யவேண்டும். உழைப்பு முன்னுக்கு வந்துவிடும். வரைபடங்கள் பின்னால் சட்டென்று வரும். வீட்டுக்காரர் தரும் கட்டணத்தில் வழக்கம்போலக் கடைசித் தவணையைப் பெரிதாக வைத்தால் முதல் இரண்டு மாதம் கையைக் கடிக்கும். ஒப்பந்தம் எழுதும்போதே முதல் தவணைகளைக் கூட்டிவிடுங்கள்.

அப்புறம், எல்லாக் கணினியிலும் ஒரே ஆண்டுப் பதிப்பு இருக்கவேண்டும். 2024 பதிப்பில் சேமித்த கோப்பு 2023 இல் திறக்காது, பழைய பதிப்புக்குத் திருப்பிச் சேமிக்கவும் வழியில்லை. எங்கள் பெடியன் ஒருவன் புதிய பதிப்பு இருந்த வீட்டு மடிக்கணினியில் திறந்து சேமித்ததில் மூன்று நாள் வேலையைத் திரும்பச் செய்தோம். பொறியியலாளரிடமும் என்ன பதிப்பு என்று முதலே கேளுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் கதவு, ஜன்னல் மாதிரிகள் பெரும்பாலும் வெளிநாட்டு அளவு. ஆறு இஞ்சிச் சீமெந்துக் கல், ஓட்டுக்கூரை, நம்மூர் மரநிலை இவற்றின் மாதிரிகளை ஒருமுறை நீங்களே ரெவிட்டில் செய்து வைத்தால் அடுத்த வீட்டுக்கும் உதவும்.

மேசனுக்கு மட்டும் ஏ3 தாளில் அச்சடித்தே கொடுங்கள். வெயிலில் கைபேசித் திரை தெரியாது.