அந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கம்: வெளிநாட்டில் நிதியுதவியோடு எம்.ஏ. ஆங்கிலம் படிக்க விண்ணப்பிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹட்டன் பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு தேநீர்க்கடையில் பொகவந்தலாவையிலிருந்து வந்த தங்கச்சி ஒருத்தியைச் சந்தித்தேன். பேராதனையில் ஆங்கிலம் சிறப்புப் பட்டம் முடித்தவள். உட்காருவதற்கு முன்பே போனை நீட்டினாள். "அக்கா, கிடைச்சிருச்சு. ஸ்கொலர்ஷிப்போட."

பல்கலைக்கழகம் அனுப்பிய அனுமதிக் கடிதம். முதல் பக்கத்தில் வாழ்த்து. அதற்குக் கீழே தடித்த எழுத்தில் ஒரு தொகை. நான் விரலால் தள்ளி இரண்டாம் பக்கத்துக்குப் போனேன். அவள் அங்கே இன்னும் போகவில்லை என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. 2022இல் என் கையிலும் இதே மாதிரி ஒரு கடிதம் இருந்தது. நானும் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டேன்.

கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள், பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதுங்கள், எழுத்துப் பிழை பாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன். அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

'ஸ்கொலர்ஷிப்' என்ற சொல்லைக் கண்டதும் மற்றதைப் படிக்காமல் விடுவது

எனக்கு வந்தது பிரித்தானியாவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் கடிதம். ஒரு வருட எம்.ஏ. கட்டணம் 19,500 ஸ்டெர்லிங் பவுண். 'மெரிட் ஸ்கொலர்ஷிப்' 4,000. இடத்தைப் பிடித்து வைக்க 2,000 டெபாசிட். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அந்தச் செய்தி ஒரு மணி நேரத்தில் பரவிவிட்டது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசை வைத்தோம். அந்தப் பல்கலைக்கழகம் லண்டனில் இல்லை என்று எவ்வளவு சொல்லியும், "எங்க பிள்ளை லண்டனுக்குப் போகுது" என்றுதான் அம்மா கொழுந்து மலையில் எல்லோரிடமும் சொன்னார்.

அம்மாவின் இரண்டு காப்பையும் சங்கிலியையும் ஹட்டனில் அடகு வைத்தோம். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த அண்ணன் முதலாளியிடம் கைமாற்று வாங்கி அனுப்பினான். எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு மேல் டெபாசிட்டாகப் போனது. அது பெப்ரவரி. மார்ச்சில் ரூபாய் விழத் தொடங்கியது. 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது.

அந்த மே மாதத்தில் ஒரு நாள் இரவு பழைய சி.ஆர். கொப்பி ஒன்றின் கடைசித் தாளில் முதல்முறையாகக் கணக்கை முழுதாக எழுதிப் பார்த்தேன். கட்டணத்தில் மட்டும் மிச்சம் 13,500 பவுண். டெபாசிட் கட்டிய போது அது சுமார் 36 லட்சம் ரூபாய். இப்போது ஏறக்குறைய 60 லட்சம். அதற்கு மேல் ஒன்பது மாதச் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்குமான பணத்தைத் தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் வைத்துக் காட்டினால்தான் மாணவர் விசா கேட்கலாம். ரூபாய் விழுந்தது என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ள நான் விரும்பவில்லை. ரூபாய் விழாமல் இருந்திருந்தாலும் 36 லட்சத்தை நாங்கள் எங்கே போய்த் தேடுவது?

டெபாசிட்டைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். விசா மறுக்கப்பட்டால் மட்டும்தான் திருப்பித் தருவோம் என்று பதில் வந்தது. நாங்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கவே இல்லையே. அந்தக் காப்பை மீட்டது 2024இல்.

பணம் போனது ஒரு பக்கம். அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட மறைக்கப்படவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஒரு கவிதை வரியை நாலு தடவை படித்து, ஒரு இணைப்புச் சொல் ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்கப் பழகியவள் நான். என் வீட்டின் மொத்தச் சேமிப்பும் தொங்கிய கடிதத்தை ஒரு தடவைதான் படித்தேன்.

சரி, அப்படியான கடிதத்தை எப்படிப் படிப்பது? முதலில் டியூஷன். முழுவதும் தள்ளுபடியா, பாதியா? அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களில் நம்மைப் போன்ற வெளியாருக்கு உள்மாநிலத்தவரைவிடக் கட்டணம் அதிகம்; தள்ளுபடி அந்த மேலதிகத் தொகைக்கு மட்டுமா, மொத்தத்துக்குமா என்று பாருங்கள். அடுத்தது ஸ்டைபெண்ட், அதாவது கையில் வரும் சம்பளம். ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? கோடை விடுமுறை மூன்று மாதமும் வாடகை கட்டித்தான் ஆக வேண்டும். அதற்கப்புறம் 'ஃபீஸ்' என்று, டியூஷன் அல்லாத மற்றக் கட்டணங்களுக்குத் தனியாக ஒரு வரி இருக்கும். டியூஷன் தள்ளுபடி பெரும்பாலும் அதைத் தொடாது. மருத்துவக் காப்புறுதியும் தனியாக வரலாம். இரண்டு வருடப் படிப்பென்றால் இரண்டாம் வருடமும் உதவி தொடருமா, என்ன நிபந்தனையில் என்பதையும் பாருங்கள். அமெரிக்க மாணவர் விசாவான எஃப்-1க்குப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் ஒரு வருடச் செலவும் உங்களுக்குள்ள உதவியும் எண்களாக அருகருகே இருக்கும். இடையில் வித்தியாசம் இருந்தால் அந்தப் பணம் உங்களிடம் இருப்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

"போய்ச் சேர்ந்தா பார்ட் டைம் வேலை செஞ்சு சமாளிச்சுக்கலாம்" என்று சொல்ல எல்லா வீட்டிலும் ஒரு மாமா இருப்பார். அன்பில் சொல்வதுதான், கோபப்படாதீர்கள். ஆனால் பாடம் நடக்கும் காலத்தில் எஃப்-1 விசாக்காரர் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. அசிஸ்டண்ட்ஷிப், அதாவது துறையிலேயே ஒரு உதவியாளர் வேலை, கிடைத்தால் வழக்கமாக அந்த நேரம் முழுதும் அதற்கே போய்விடும். பிரித்தானியாவிலும் பட்டப்படிப்பு மாணவருக்கு வாரத்துக்கு 20 மணிதான். அங்கே போய் உழைக்கப்போகிற சம்பளத்தை விசா விண்ணப்பத்தில் கையிருப்பாகக் காட்டவும் முடியாது.

அடுத்து, பணம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தேடுவது. அமெரிக்காவில் பெயர் பெற்ற பல பெரிய பல்கலைக்கழகங்கள் ஆங்கிலத் துறையில் பி.எச்டி. மாணவர்களுக்குத்தான் பணம் கொடுக்கின்றன. அங்கே எம்.ஏ. மாணவர் பணம் கட்டிப் படிப்பவர். முழு உதவியோடு எம்.ஏ. தரும் இடங்கள் அதிகமாக இருப்பது நாம் பெயர் கேள்விப்படாத மாநிலப் பல்கலைக்கழகங்களில். காரணம் எளிது. அங்கே எந்தப் பாடம் படிக்க வந்தாலும் முதலாமாண்டில் கட்டுரை எழுதும் வகுப்பு ஒன்றை அநேகமாக எல்லோரும் எடுக்க வேண்டும். அந்த வகுப்புகளை நடத்த ஆள் வேண்டும். அந்த ஆள்தான் 'கிராஜுவேட் டீச்சிங் அசிஸ்டண்ட்'. டியூஷன் தள்ளுபடியும் ஸ்டைபெண்டும் அந்த வேலைக்காகத் தரப்படுவது. இரண்டாம் தடவை விண்ணப்பித்தபோது எனக்குக் கிடைத்தது இப்படி ஒன்றுதான். சில இடங்களில் அதற்குத் தனி விண்ணப்பமும் முந்திய தேதியும் உண்டு. ஆகவே துறையின் பக்கத்தை அடிவரை படியுங்கள். கனடாவிலும் எம்.ஏ. மாணவரைக் கற்பித்தல் உதவியாளராக எடுக்கும் துறைகள் பல உண்டு. நான்கு வருடச் சிறப்புப் பட்டம் இருந்தால் அமெரிக்காவில் நேரே பி.எச்டி.க்கும் விண்ணப்பிக்கலாம் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியவில்லை.

பிரித்தானியாவில் எம்.ஏ.க்குத் துறையே முழுப் பணமும் தருவது அரிது, வெளியே தேட வேண்டும். பிரித்தானிய அரசின் செவனிங் ஸ்கொலர்ஷிப் ஒரு வருட எம்.ஏ.க்கு முழு உதவி தரும். ஆனால் 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கும், மூன்று படிப்புகளைத் தெரிவு செய்யச் சொல்லும், முடித்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்கச் சொல்லும். பட்டம் முடிந்த கையோடு அதை நம்பி ஒரு வருடத்தை வீணாக்காதீர்கள். பாடசாலையில் கற்பித்துக்கொண்டே அந்த மணி நேரங்களைச் சேருங்கள். ஒக்ஸ்ஃபோர்டின் கிளாரண்டன் ஸ்கொலர்ஷிப்புக்குத் தனி விண்ணப்பமே இல்லை; டிசம்பர், ஜனவரித் தேதிக்குள் படிப்புக்கு விண்ணப்பித்தால் போதும். அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் ஸ்கொலர்ஷிப்பில் அங்கே போனால் விசா ஜே-1. படிப்பு முடிந்து மொத்தம் இரண்டு வருடம் இலங்கையில் இருந்த பிறகுதான் அங்கே வேலை விசாவோ நிரந்தர வதிவிடமோ கேட்க முடியும்.

கடிதத்தில் தெளிவில்லையென்றால் எழுதிக் கேளுங்கள். துறையில் 'டைரக்டர் ஆஃப் கிராஜுவேட் ஸ்டடீஸ்' என்று ஒருவர் இருப்பார். சென்ற வருடம் எம்.ஏ.க்கு வந்த வெளிநாட்டு மாணவர்களில் எத்தனை பேருக்கு அசிஸ்டண்ட்ஷிப் கிடைத்தது, டியூஷன் முழுதும் போகுமா, ஃபீஸ் எவ்வளவு? ஐந்து வரி போதும். பணத்தைப் பற்றிக் கேட்டால் இடத்தைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம் நம் பிள்ளைகளிடம் ஆழமாக இருக்கிறது. தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசப் போகும்போது வாசலிலேயே கைகட்டி நின்ற பழக்கம் அது. அங்கே இது தினமும் வரும் கேள்வி, பதில் சொல்வது அவர்களுடைய வேலை.

அமெரிக்காவில் நிதியுதவியோடு வரும் ஆஃபருக்கு முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை நேரம் தருவதாக மிகப் பல பல்கலைக்கழகங்கள் தமக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. மார்ச்சில் யாராவது அவசரப்படுத்தினால் பதறாதீர்கள்.

பொகவந்தலாவைத் தங்கச்சி அன்றைக்கே தேநீர்க்கடையிலிருந்து அந்த ஈமெயிலை அனுப்பினாள். புதன்கிழமை பதில் வந்தது. அவளுக்குக் கொடுத்த தொகை ஒரு தடவைக்கு மட்டும், அசிஸ்டண்ட்ஷிப் பி.எச்டி. மாணவர்களுக்கு மட்டும். அவள் அழுதாள். ஆனால் டெபாசிட் கட்டவில்லை.

கொழுந்துக்கூடையில் தொடங்கும் நோக்க அறிக்கை

மலையகப் பிள்ளைகள் எழுதிய ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ் என்னிடம் வந்தால் முதல் பந்தியில் பெரும்பாலும் அம்மாவின் கொழுந்துக்கூடை இருக்கும். இரண்டாவதில் மண்ணெண்ணெய் விளக்கு. மூன்றாவதில் முதன்முதலில் கையில் கிடைத்த ஆங்கிலப் புத்தகம். அந்த வாழ்க்கை உண்மை, நானும் அதிலிருந்து வந்தவள்தான். ஆனால் அந்த அறிக்கையைப் படிப்பவர் தேடுவது, இவர் இரண்டு வருடம் உட்கார்ந்து படிக்கும் அளவுக்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறாரா என்பதை. இரண்டு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் கஷ்டத்துக்குப் போனால் கேள்விக்கு இடமில்லை.

கொட்டகலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி அப்படித்தான் எழுதியிருந்தான். கூடையை மூடி வைத்துவிட்டு, உனக்குப் படிக்கும்போது எது உறுத்தியது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வெள்ளைக்காரத் துரைமார் எழுதிய நினைவுக் குறிப்புகளில் தமிழ்ச் சொற்கள் எப்போதும் கட்டளையாகத்தான் வருகின்றன, யாரும் தமிழில் கேள்வி கேட்பதில்லை என்றான். எனக்குப் புல்லரித்துவிட்டது. அதே தோட்டங்களிலிருந்து, மடகொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதினாரே, அவருடைய ஆங்கிலத்தில் தமிழ் என்ன செய்கிறது என்று கேட்டேன். அன்று மாலைக்குள் அவனுக்குப் புதிய முதல் பந்தி கிடைத்தது. கூடையும் உள்ளே வந்தது, நான்காம் பந்தியில் ஒரு வரியாக.

ஒரே அறிக்கையைப் பத்து இடத்துக்கு அனுப்பாதீர்கள். கடைசிப் பந்தியாவது அந்தத் துறையில் யாரிடம், எதைப் படிக்கப் போகிறீர்கள் என்று சொல்ல வேண்டும்.

எழுத்து மாதிரியாக முழு ஆய்வேட்டையும் அனுப்புவது

பெரும்பாலும் கேட்பது 10 முதல் 20 பக்கம். ஆய்வேட்டின் மிக நல்ல அத்தியாயத்தை வெட்டி எடுத்து, தனியாக நிற்கும்படி தொடக்கத்தைத் திருத்தி எழுதுங்கள். அதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். எந்தத் திறனாய்வாளர் என்ன சொன்னார் என்ற பட்டியல் குறையட்டும். நீங்கள் ஒரு பந்தியைக் கிட்டத்தில் வைத்துப் படிப்பது தெரியட்டும்.

எம்.பி.யிடம் பரிந்துரைக் கடிதம் வாங்குவது

வேண்டாம். உங்கள் கட்டுரையைத் திருத்திய விரிவுரையாளரிடம் ஆறு வாரத்துக்கு முன்பே கேளுங்கள்.

ஜி.ஆர்.இ. இலக்கியத் தேர்வுக்குப் பழைய புத்தகம் வாங்குவது

அமெரிக்க மேற்படிப்பு அனுமதிக்காக எழுதிய அந்த ஆங்கில இலக்கியத் தேர்வு 2021ஓடு நிறுத்தப்பட்டுவிட்டது.

அவசரப்பட்டு ஐயெல்ட்ஸ் எழுதுவது

இந்த ஆங்கில மொழித் தேர்வின் பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும். ஆங்கில மொழிமூலம் பட்டம் படித்தவருக்கு விலக்கு உண்டா என்று முதலில் கேளுங்கள்.

விண்ணப்பக் கட்டணம்

அமெரிக்காவில் ஒரு விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் 50 முதல் 100 டொலர் வரை. கட்டுவதற்கு முன் விலக்குக் கேட்டு எழுதுங்கள். கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை. நான் எட்டு இடத்தில் கேட்டேன், மூன்று இடத்தில் கொடுத்தார்கள்.

முதல் சம்பளம் உடனே வரும் என்று நம்புவது

எனக்கு ஆகஸ்ட் நடுவில் வகுப்புத் தொடங்கியது. முதல் ஸ்டைபெண்ட் கையில் வந்தது செப்டெம்பர் முடிவில். அதற்குள் வீட்டு வாடகையும் முற்பணமும், ஒரு குளிர் அங்கியும், ஆறு வாரச் சாப்பாடும். முழு நிதியுதவி கிடைத்தவரும் இதற்கென்று கையில் பணம் கொண்டு போக வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அண்ணன் மறுபடியும் முதலாளியிடம் போய் நின்றான்.