ஒரு பிள்ளையின் படிப்புக்கு உதவுவது: பணம் எங்கே, எப்போது, யார் கையில்

கட்டணத்தைக் கட்டிவிட்டால் போதும் என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். கட்டணமே இல்லாத அரசுப் பள்ளியிலிருந்தும் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள் என்பதால், எது தடுக்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

வருகைப் பதிவேட்டில் மூன்று மாதங்களைப் பாருங்கள். விடுப்பு அறுவடைக் காலத்தில் குவிந்திருந்தால் பிள்ளை வேலைக்குப் போகக்கூடும். அங்கங்கே சிதறியிருந்தால் பெரும்பாலும் உடல்நலக் குறைவு. பெரிய வகுப்புப் பெண் மாதாமாதம் சில நாள் வராவிட்டால் பள்ளிக் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். தண்ணீரோ தாழ்ப்பாளோ இல்லாமல் இருக்கலாம். பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் தனித்தனியே விசாரியுங்கள். சேர்த்து வைத்துக் கேட்டால் பெற்றோர் வாய் திறக்க மாட்டார்கள்.

கட்டணத்தைப் பள்ளிக்கே செலுத்தி ரசீது வாங்குங்கள். பேருந்துச் செலவைத் தாயின் கணக்கில் போடுங்கள். மெக்சிகோ 1997இல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம் தாயிடமே பணத்தைக் கொடுத்தது. 85 சதவீத வருகையைக் கேட்டது. வகுப்பு ஏற ஏறத் தொகையையும் கூட்டியது. பிள்ளை வளர வளர அதன் கூலியும் கூடும் அல்லவா, உதவி அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். ஆண்டுப் பணத்தை மொத்தமாகத் தராமல், ஒவ்வொரு பருவம் தொடங்க இரண்டு வாரம் முன்பு அனுப்புங்கள். தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதியைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அது தவறினால் ஓராண்டே போய்விடலாம்.

சீருடை இரண்டு செட் வேண்டும். ஒன்றே இருந்தால் துவைத்தது காயாத நாளில் பள்ளி இல்லை. கீழ்விளிம்பில் நான்கைந்து சென்டிமீட்டர் உள்மடிப்பு விட்டுத் தைத்தால் அடுத்த ஆண்டுக்கும் வரும்.

வீட்டில் ஒரு பிள்ளையை மட்டும் தேர்ந்தெடுப்பது ஆபத்து. கொலம்பியாவின் போகோட்டாவில் நடந்த ஆய்வில், உதவி பெற்றவரின் உடன்பிறந்தோர், குறிப்பாகச் சகோதரிகள், படிப்பை விடுவது கூடியது. தொகை குறைவென்றால் வீட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுங்கள்.

புத்தகம் வாங்கித் தருவது நமக்குத்தான் அதிகம் பிடித்த உதவி. கென்யாவில் இலவசப் பாடநூல்களால் ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்களே பயனடைந்தார்கள். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன, பலருக்கு அது மூன்றாம் மொழி. முதலில் பிள்ளையின் கையில் ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். திணறினால் சொல், பிறகு எழுத்து என்று இறங்குங்கள். எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கும் மாலை வகுப்புக்குப் பணம் கொடுங்கள். வயதை வைத்துப் பிரிக்கும் வகுப்பு வேண்டாம்.

தொண்டு நிறுவனம் வழியாக என்றால் நன்றிக் கடிதமும் புகைப்படமும் கேட்காதீர்கள். வருகை விவரமும் வாசிப்பு நிலையும் பருவத்துக்கு ஒருமுறை கேளுங்கள். ஒரு பருவச் செலவைக் கையிருப்பாக ஒதுக்காமல் எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.