மார்கழி, தை மாதங்களில் இராமேசுவரம் கடற்கரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழியிலும் தையிலும் இராமேசுவரம் வருபவர்கள் முதலில் வானத்தைப் பார்க்கிறார்கள். வெயில் இதமாக இருக்கிறது, மழை இல்லை, தண்ணீரும் குளிரவில்லை. உடனே கடலில் இறங்கலாம், தூண்டில் போடலாம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இந்தப் பருவத்தில் இங்கே கடலை ஆள்வது காற்று. அது எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று கேட்காமல் கரைக்குப் போவதில்தான் மற்றத் தவறுகளும் தொடங்குகின்றன.

இராமேசுவரம் இருக்கும் பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்களுக்கு அவை வடகடல், தென்கடல். மழைக்காலம் தொடங்கி மாசி வரை வாடையும் (வடக்குக் காற்று) கொண்டலும் (கிழக்குக் காற்று) வடகடலைத்தான் அடிக்கின்றன. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. அதனால் காற்று ஏறியதும் அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும். அடிச்சேறு கிளம்பி நீர் கலங்கிவிடும். அதே நாளில், தீவு காற்றைத் தடுப்பதால், தென்கடல் குளம்போலக் கிடக்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் ஆனி, ஆடியில் எல்லாம் தலைகீழ். இதற்கேற்பப் படகையும் வலையையும் கரை மாற்றிக்கொள்ளும் மீனவர்கள் உண்டு. வெளியூர்க்காரரோ விடுதிக்குப் பக்கத்துக் கரையிலேயே நிற்கிறார். எதிர்காற்றில் வீசிய தூண்டில் காலடியிலேயே விழுகிறது. இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் எட்டும் என்று இடுப்பளவு நீருக்கு இறங்கிவிடுகிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தீவைக் கடந்து மறு கரைக்குப் போங்கள்.

ஆனால் தென்கடலின் அமைதியையும் முழுதாக நம்பக் கூடாது. எனக்கு மிகவும் அச்சம் தருவது இதுதான். அங்கே காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோரம் அலையே இராது. சில நூறு மீட்டர் தள்ளினால் காற்று முழு வேகத்தில் இருக்கும். காற்றடைத்த டியூப், மிதவைப் படுக்கை, சிறு துடுப்புப் படகு ஆகியவை ஓசையில்லாமல் வெளியே நகர்ந்துவிடும். எதிர்காற்றில் துடுப்புப் போட்டுத் திரும்புவது பழகியவருக்கே கடினம். குழந்தைகளை டியூபில் உட்கார வைத்துவிட்டுக் கரையில் பேசிக்கொண்டிருக்காதீர்கள். தூண்டில்காரர்களுக்கோ முதுகுக் காற்று வசதிதான்: எறிந்தது தொலைவு போகும், நீரும் தெளிந்திருக்கும், பாரை, ஊளி மீன்கள் இரையைக் கண்டு வரும். நீருக்குள் இறங்க வேண்டிய தேவையே இல்லை.

தனுஷ்கோடி முனையில் குளிப்பது வேறு வகைத் தவறு. இரு கடல்களுக்கும் இடையே நீர் மணல் திட்டுகளின் நடுவே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. திட்டுகளும் இடம் மாறுகின்றன. நேற்று முழங்காலளவு இருந்த இடம் இன்று பள்ளமாக இருக்கலாம். அங்கே கடலைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாம்பன் துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், ‘1தானே’ என்று பலர் படகு பேசப் போகிறார்கள். எங்கோ தொலைவில் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது என்பதே அதன் பொருள். அது அங்கேயே நிற்கும் என்பதல்ல. 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே ஒக்கிப் புயலானது. கடலுக்குள் இருந்த குமரி மீனவர்கள் பலர் திரும்பவில்லை. தை பிறந்தால் ஆபத்து தீர்ந்தது என்ற எண்ணமும் சரியல்ல. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரு தாழ்வு மண்டலம் இலங்கையைக் கடந்தபோது காவிரி டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல் மழையில் சாய்ந்தது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. படகுக்காரர் கூப்பிட்டாலும், வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே இறங்காதீர்கள். கடல் அட்டையும் கடல் குதிரையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை; கையில் எடுப்பதே குற்றம்.

கடைசியாக, தூண்டிலில் கெளுத்தி சிக்கினால் வெறுங்கையால் பிடிக்காதீர்கள். முதுகிலும் பக்கவாட்டிலும் நச்சு முள் இருக்கிறது. மணலில் பதுங்கும் திருக்கையும் அப்படித்தான். ஆழமில்லாத நீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் அது விலகிப் போய்விடும். குத்திவிட்டால், தோல் வெந்துபோகாத அளவு சூடான நீரில் அந்த இடத்தை அமிழ்த்தினால் வலி தணியும். வலி குறைந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஏனெனில் முறிந்த முள் உள்ளேயே தங்கியிருக்கலாம்.